ஒவ்வொரு சுவருக்கும் ஒரு தனி விடியல்: சூரியக் கடிகாரமும் திசைகளும்

சுவரில் சூரியக் கடிகாரம் வைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் இருப்பவர் முதலில் கேட்பது "தெற்குப் பார்த்த சுவர் இருக்கிறதா?" என்பதுதான். வட அரைக்கோளத்தில் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்து போகிறது, அதனால் தெற்குச் சுவரில் நாள் முழுக்க வெயில், ஆகவே அதுதான் நல்ல சுவர் என்று விளக்கமும் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டால் இதில் பாதிதான் தேறும். மீதிப் பாதி, சுவர் எந்த அட்சரேகையில் நிற்கிறது, எந்த மாதம், உங்களுக்குக் காலை மணி வேண்டுமா மாலை மணி வேண்டுமா என்பதையெல்லாம் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். வட அட்சரேகை 52 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், லண்டனும் பெர்லினும் அதை ஒட்டித்தான் இருக்கின்றன. இங்கே நான் சொல்லும் மணியெல்லாம் சூரிய நேரம், அதாவது சூரியன் சரியாக உச்சிக் கோட்டைத் தாண்டும்போது 12 என்று கொண்டு எண்ணுவது. ஜூன் 21 அன்று அங்கே விடிவது 3.45-க்கு, பொழுது அடைவது இரவு 8.15-க்கு, மொத்தம் 16½ மணி நேரப் பகல். அன்றைக்குத் தெற்குச் சுவரில் வெயில் விழுவது எத்தனை மணி நேரம் தெரியுமா? 9 மணி 22 நிமிடம்தான். காலை 7.19-க்குத் தொடங்கி மாலை 4.41-க்கு முடிந்துவிடும். டிசம்பர் 21 அன்று பகலே 7½ மணி நேரம், அது முழுவதும் தெற்குச் சுவருக்குத்தான். அதிகபட்சமாக 12 மணி நேரம் வெயில் கிடைப்பது கோடையில் இல்லை, இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில். கோடையில் பகல் நீள நீளத் தெற்குச் சுவரின் பங்கு சுருங்கிக்கொண்டே வருகிறது.

ஏன் இப்படி? சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று நாம் சொல்வது வருடத்தில் இரண்டு நாளுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். ஜூன் மாதம் 52 டிகிரியில் அது உதிக்கும் இடம், கிழக்கிலிருந்து 40 டிகிரி வடக்கே தள்ளி. அப்போது சூரியன் தெற்குச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. தரையெல்லாம் வெளிச்சம், மரத்துக்கெல்லாம் நிழல் விழுகிறது, இந்தச் சுவர் மட்டும் இருட்டில் நிற்கிறது. சூரியன் மெல்ல ஏறி, நேர்கிழக்குத் திசையைத் தாண்டித் தெற்குப் பக்கம் வந்த பிறகுதான் சுவருக்கு விடியும். ஒரு சுவர் பார்ப்பது பாதி வானத்தை மட்டும்தான். அந்தப் பாதிக்குள் சூரியன் நுழையும் நேரம் அதன் உதயம், வெளியேறும் நேரம் அதன் அஸ்தமனம். ஊருக்கு ஒரு விடியல் இருப்பதுபோல ஒவ்வொரு சுவருக்கும் தனி விடியல் உண்டு, இரண்டும் நடந்தால்தான் சுவரில் நிழல் விழும்.

இதை ஒரே அடியில் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்தத் தெற்குச் சுவரைப் பெயர்த்து எடுத்து, கொஞ்சமும் சாய்க்காமல் திருப்பாமல், அதே தீர்க்கரேகை வழியாகத் தெற்கே கொண்டுபோவதாகக் கற்பனை செய்யுங்கள். பூமி உருண்டை என்பதால் போகப் போகக் கீழே இருக்கும் தரைதான் சாய்ந்துகொண்டே வரும். 90 டிகிரி தூரம் போனதும், தென் அட்சரேகை 38 டிகிரியில், அந்தச் சுவர் தரையோடு தரையாக மல்லாந்து கிடக்கும். சூரியன் அவ்வளவு தொலைவில் இருப்பதால் இரண்டு இடத்துக்கும் ஒளி ஒரே திசையிலிருந்துதான் வருகிறது. ஆக, 52 டிகிரி வடக்கில் இருக்கும் தெற்குச் சுவர் சூரியனைப் பொறுத்தவரை 38 டிகிரி தெற்கில் இருக்கும் ஒரு தரை. ஜூன் மாதம் அங்கே குளிர்காலம், பகல் 9 மணி 22 நிமிடம். அதே கணக்குதான் இங்கே சுவரில் வந்து நிற்கிறது! டிசம்பரில் அந்தத் தரைக்கு 14 மணி 38 நிமிடப் பகல் உண்டு, ஆனால் நம் இடத்தில் சூரியனே 7½ மணி நேரம்தான் தொடுவானத்துக்கு மேலே இருக்கிறது, அதனால் மிச்சம் வீண்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாமே வரிசையாக விழுந்துவிடும். முதலில் நிழல்கோல். சூரியக் கடிகாரத்தின் கோல் பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும், அதாவது வட அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் இருக்கும் திசையில் கிடக்க வேண்டும். தரையில் வைத்தால் அது தரையோடு அட்சரேகை அளவுக்குக் கோணம் போடும், 52 டிகிரியில் வைத்தால் 52 டிகிரி. சுவரில்? சுவர் என்பது 38 டிகிரியில் இருக்கும் தரை என்று இப்போதுதானே பார்த்தோம், ஆகவே கோலுக்கும் சுவருக்கும் நடுவே 38 டிகிரி. தெற்குச் சுவரில் கோலின் அடி மேலே பதிந்திருக்கும், நுனி கீழ்நோக்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

கோலைச் சும்மா சுவருக்குச் செங்குத்தாக அடித்துவிட்டால் என்ன என்று தோன்றும். ஆணி அடிப்பது சுலபம், பலரும் இதைத்தான் முதலில் செய்து பார்ப்பார்கள், நானும் செய்திருக்கிறேன். ஒரு வாரம் சரியாக இருப்பதுபோல இருக்கும். அப்புறம் நிழல் தன் போக்கில் நகர ஆரம்பிக்கும். 52 டிகிரியில் காலை 9 மணிக்கு அந்த ஆணியின் நிழல், ஜூனில் செங்குத்துக் கோட்டிலிருந்து 42 டிகிரி விலகி விழும், டிசம்பரில் அதே 9 மணிக்கு 82 டிகிரி விலகிக் கிட்டத்தட்டப் படுத்துவிடும். ஒரே மணிக்கு 40 டிகிரி வித்தியாசம். அச்சுக்கு இணையான கோலாக இருந்தால் வருடம் முழுக்க 9 மணி நிழல் 31.6 டிகிரியில்தான் விழும், ஏனென்றால் சூரியன் அந்த அச்சைச் சுற்றித்தான் மணிக்கு 15 டிகிரி வீதம் சுற்றுவதுபோலத் தெரிகிறது, பருவம் மாறும்போது ஏறி இறங்குவது அச்சின் போக்கிலேயே நடப்பதால் நிழலின் நீளம்தான் மாறும், திசை மாறாது.

மணிக்கோடுகள் சமமான இடைவெளியில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேர்தெற்குச் சுவருக்குக் கணக்கு எளிது. 12 மணியிலிருந்து எத்தனை மணி நேரமோ அதை 15-ஆல் பெருக்கி, அந்தக் கோணத்தின் டான் (முக்கோணவியலின் tan) மதிப்பை அட்சரேகையின் காஸ் (cos) மதிப்பால் பெருக்கினால், செங்குத்துக் கோட்டிலிருந்து மணிக்கோடு விலகும் கோணத்தின் டான் கிடைத்துவிடும். 52 டிகிரியில் 12-க்கும் 1-க்கும் நடுவே 9.4 டிகிரி, 5-க்கும் 6-க்கும் நடுவே 23.5 டிகிரி. நடுவில் நெருக்கம், ஓரத்தில் அகலம். இன்னொன்று, காலை மணிகள் இடது பக்கம் இருக்கும், நிழல் இடமிருந்து கீழே வந்து வலம் போகும், அதாவது நம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். தரையில் வைத்த சூரியக் கடிகாரத்தில் நிழல் முள் திசையிலேயே சுற்றும், சுவரில் மாறிவிடும். முதல்முறை பார்ப்பவர்கள் இதை யாரோ தப்பாக வரைந்துவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். தென் அரைக்கோளத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே முக்கியமான சுவர் வடக்குச் சுவர், அதில் நிழல் முள் திசையில் போகும்.

சரி, வட அரைக்கோளத்து வடக்குச் சுவர்? பலர் அதை வெயிலே படாத பாசிச் சுவர் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதைத் தரையாக மல்லாத்திப் பார்த்தால், துருவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, நமக்கு நேர் எதிர்த் தீர்க்கரேகையில் 38 டிகிரி வடக்கில் போய்க் கிடக்கும். அங்கே நண்பகல் என்றால் இங்கே நள்ளிரவு. ஜூனில் அந்தத் தரைக்கு நல்ல நீளமான பகல்தான், ஆனால் அதன் நடுப்பகுதி முழுக்க நம் இரவில் மாட்டிக்கொள்கிறது, இரண்டு ஓரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. காலை 3.45 முதல் 7.19 வரை, மாலை 4.41 முதல் 8.15 வரை. இரண்டையும் கூட்டினால் 7 மணி 8 நிமிடம், ஒன்றும் குறைச்சல் இல்லை. கோல் இங்கே மேல்நோக்கி நீட்டியிருக்கும். 6 மணிக் கோடு படுக்கையாக இருக்கும், காலைப் பக்கத்தில் 4-ம் 5-ம் அதற்கு மேலே, 7 கீழே. நடுவில் மணியே இல்லாமல் வெறுமையாக இருக்கும் இந்தக் கடிகாரம் பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அது சும்மா தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான், ஒரு நிமிட வெயிலும் விழாது.

இதை வெறும் கணக்காக எடுத்துக்கொள்ளாமல் கல்லிலேயே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஏதென்ஸில் இருக்கும் 'காற்றுகளின் கோபுரம்' எட்டு பக்கங்கள் கொண்ட பளிங்குக் கட்டடம், பொதுவாக கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள், கிர்ரஸ் என்ற ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரோனிகஸ் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. எட்டு பக்கமும் எட்டுத் திசையைப் பார்க்கின்றன, ஒவ்வொன்றிலும் மேலே அந்தத் திசைக் காற்றின் உருவம், அதன் கீழே அந்தச் சுவருக்கென்றே வரைந்த சூரியக் கடிகாரக் கோடுகள். வடக்குச் சுவரையும் விடவில்லை. ஏதென்ஸின் அட்சரேகை 38 டிகிரி. அங்கே ஜூன் 21-க்குக் கணக்குப் போட்டால், தெற்குச் சுவருக்கு 7 மணி 30 நிமிட வெயில், வடக்குச் சுவருக்கு 7 மணி 8 நிமிடம்! வெறும் 22 நிமிட வித்தியாசத்துக்காக வடக்குச் சுவரை ஒதுக்குவது நியாயமில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் காலத்து மணி வேறு மாதிரி என்பதையும் சொல்ல வேண்டும். உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பகலைப் பன்னிரண்டாகப் பிரிப்பார்கள், அதனால் கோடையில் ஒரு மணி நீளம், குளிர்காலத்தில் குட்டை. அச்சுக்கு இணையான கோலின் தேவை சமமான மணிகளை எண்ணும்போதுதான் வருகிறது. அப்படிப்பட்ட கோலோடு இருந்தவற்றில் நன்றாக அறியப்பட்ட பழைய ஒன்று, டமாஸ்கஸின் உமய்யா மசூதிக்காக 1371-ல் இப்னு அல்-ஷாதிர் செய்தது. அது சுவரில் மாட்டுவது இல்லை, படுக்கைத் தளத்தில் அமைந்தது.

இதுவரை பேசியதெல்லாம் வடக்கே தள்ளி இருக்கும் இடங்களைப் பற்றி. கடக ரேகைக்குத் தெற்கே வந்தால் தெற்குச் சுவரின் கதையே வேறு. 13 டிகிரி வடக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தெற்குச் சுவரை மல்லாத்தினால் போய்ச் சேரும் இடம் 77 டிகிரி தெற்கு, அதாவது அண்டார்டிகா. மெக்மர்டோ ஆய்வு நிலையம் ஏறக்குறைய அந்த அட்சரேகையில்தான் இருக்கிறது. அங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியனே எழாது. 13 டிகிரியில் இருக்கும் தெற்குச் சுவருக்கும் அதே விதிதான், ஏறக்குறைய நான்கு மாதம் நேரடி வெயில் ஒரு நிமிடம்கூட விழாது. தலைக்கு மேலே வெயில் கொளுத்தும் மாதங்கள் அவை, சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால் நாள் பூராவும் சுவருக்குப் பின்னாலேயே இருக்கிறது. அந்த இருட்டு மாதங்களுக்கு முன்னும் பின்னும் நடுப்பகலை ஒட்டிய சில மணி நேரம் மட்டும் கிடைக்கும். உதாரணமாக ஏப்ரல் நடுவில் காலை 9.20-ஐ ஒட்டித் தொடங்கிப் பிற்பகல் 2.40 வாக்கில் முடிந்துவிடும். டிசம்பரில் மாறாக 6.23 முதல் 5.37 வரை முழுப் பகலும் அதற்குத்தான். வடக்குச் சுவர் இதற்கு நேர் எதிர், அந்த நான்கு மாதமும் உதயம் முதல் அஸ்தமனம் வரை அதன் ராஜ்ஜியம். ஆக, பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர்களில் "தெற்குச் சுவரில் மாட்டு" என்ற அறிவுரை பாதி வருடத்துக்குத்தான் செல்லும். தெற்கில் ஒன்று, வடக்கில் ஒன்று என்று இரண்டு வைத்தால்தான் வருடம் நிறையும்.

ஆனால் அழகு என்று பார்த்தால் இந்த ஊர்களின் கடிகாரம் தனி. கோல் சுவரிலிருந்து 77 டிகிரியில், ஏறக்குறைய நேராக வெளியே நீட்டியிருக்கும். மணிக்கோடுகளும் கிட்டத்தட்டச் சமமாக, 12-க்கும் 1-க்கும் நடுவே 14.6 டிகிரி. பூமத்திய ரேகை மேலேயே போய்விட்டால் கோல் சரியாகச் செங்குத்து, கோடுகள் சரியாக 15 டிகிரிக்கு ஒன்று. மேலே கிண்டல் செய்த ஆணிக் கடிகாரம் பிழையே இல்லாமல் ஓடும் ஒரே இடம் அதுதான்.

கணக்கில் கிடைக்கும் வெயில் எல்லாம் கையில் கிடைக்காது என்பதையும் இங்கேயே சொல்கிறேன். தரையில் சூரியன் உயர உயர நிழல் குட்டையாகும், சுவரில் நீளமாகும். 52 டிகிரியில், தெற்குச் சுவரில் நேராக நீட்டிய 10 செ.மீ. குச்சியின் நண்பகல் நிழல் டிசம்பரில் 2.6 செ.மீ., ஜூனில் 18 செ.மீ. அதே குச்சியை 13 டிகிரியில் வடக்குச் சுவரில் அடித்தால், ஜூன் நண்பகலில் சூரியன் 80 டிகிரி உயரத்தில் நிற்கும், நிழல் 57 செ.மீ. நீளத்துக்குக் கீழே ஓடும். கடிகாரத்தின் பலகை அவ்வளவு பெரிதாக இருக்குமா? அதைவிட மோசம் சுவருக்கு மேலே இருக்கும் சன்ஷேடு. அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு, சூரியன் 80 டிகிரியில் இருக்கும்போது தனக்குக் கீழே 2.8 மீட்டர் சுவரை நிழலில் மூடிவிடும். வெயிலைத் தடுக்கத்தானே அதைக் கட்டுகிறார்கள், கடிகாரத்துக்காக அது ஒதுங்கி நிற்காது. சூரியன் தலைக்கு நேரே போகும் ஊர்களில் தெற்கு, வடக்குச் சுவர்களில் நண்பகல் மணியை நம்பாமல் இருப்பது நல்லது.

அந்த ஊர்களுக்கு நான் சொல்வது கிழக்கும் மேற்கும்தான். நேர்கிழக்குச் சுவரை மல்லாத்தினால், எந்த அட்சரேகையில் இருந்து தொடங்கினாலும், அது போய் விழும் இடம் பூமத்திய ரேகையில் 90 டிகிரி கிழக்கே. பூமத்திய ரேகையில் எல்லா நாளும் 12 மணி நேரப் பகல், அந்தப் பகல் நம் கணக்கில் நள்ளிரவில் தொடங்கி நண்பகலில் முடிகிறது. ஆகவே கிழக்குச் சுவருக்கு வருடத்தின் எல்லா நாளும் உதயம் முதல் சரியாக நண்பகல் வரை வெயில். ஊர் மாறினாலும் மாதம் மாறினாலும் இது மாறாது. பகலில் சரிபாதி. மேற்குச் சுவருக்கு மற்றப் பாதி. இரண்டும் சேர்ந்தால் ஒரு நாள்கூட, ஒரு மணிகூட விடாது.

இந்தச் சுவர்களில் கடிகாரத்தின் தோற்றமே வேறு. பூமியின் அச்சு கிழக்குச் சுவருக்கு இணையாகவே இருக்கிறது, அதனால் கோல் சுவரைத் தொடவே தொடாது, சில செ.மீ. தள்ளி, அட்சரேகை அளவுக்குச் சாய்ந்து, வடக்கு முனை உயர்ந்து, சுவரோடு இணையாக ஓடும். மணிக்கோடுகள் ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல விரியாமல் தண்டவாளம்போல இணைகோடுகளாக இருக்கும். கோலுக்கு நேர் பின்னே 6 மணிக் கோடு. கோல் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தால் 7 மணிக் கோடு 2.7 செ.மீ. தள்ளி, 8 மணி 5.8, 9 மணி சரியாக 10, 10 மணி 17.3, 11 மணி 37.3. இதுவரை பரவாயில்லை. 11.30-க்கு 76 செ.மீ., 11.45-க்கு ஒன்றரை மீட்டர். 12 மணிக்குக் கோடே கிடையாது, நிழல் முடிவிலிக்கு ஓடிவிடும். நிழல் ஓடுவது மட்டும் இல்லை, கலங்கியும் போகிறது. சூரியன் ஒரு புள்ளி இல்லையே, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் எந்த நிழலின் விளிம்பும், கோலிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கலாகும். 11.45-க்கு ஒளி சுவரை உரசிக்கொண்டு வருவதால் அந்த மங்கல் சுவரில் 20 செ.மீ. அகலத்துக்கு இழுபட்டுக் கிடக்கும். ஆகவே கிழக்குக் கடிகாரத்தில் 11 மணியோடு கோடு போடுவதை நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். நண்பகலுக்கு இருபுறமும் ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

இப்போது நிஜமான சுவர்களுக்கு வருவோம். எந்த மேஸ்திரியும் துருவத்தைப் பார்த்து வீடு கட்டுவதில்லை, தெருவைப் பார்த்துத்தான் கட்டுகிறார். சுவர் தெற்கிலிருந்து 12 டிகிரியோ 37 டிகிரியோ விலகித்தான் நிற்கும். இது ஒரு குறை என்று வருத்தப்பட வேண்டாம், சில சமயம் லாபமே கிடைக்கும். 52 டிகிரியில் சரியாகத் தென்கிழக்கைப் பார்க்கும் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 21 அன்று அதற்கு 3.45-க்கு, ஊரோடு சேர்ந்தே விடியும். பிற்பகல் 1.45 வரை வெயில், ஆக 10 மணி நேரம். தெற்குச் சுவருக்குக் கிடைத்ததோ 9 மணி 22 நிமிடம்! டிசம்பரில் 8.15 முதல் 3.21 வரை, முழுப் பகலில் 24 நிமிடம்தான் நஷ்டம். நடுவில் மார்ச், செப்டம்பரில் மட்டும் தெற்குச் சுவருக்குத் தோற்றுப்போகும், 12-க்கு எதிராக எட்டரை மணி நேரம். பக்கத்தில் தென்மேற்குச் சுவரில் இன்னொன்று வைத்து ஒரே மூலையில் இரண்டு கடிகாரம் என்று அமைத்தால், ஜூனில் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை ஒரு நிமிடமும் தப்பாது, நடுவில் 10.15-லிருந்து 1.45 வரை இரண்டுமே மணி காட்டும். மூலை வீடு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இந்தத் தென்கிழக்குச் சுவரை மல்லாத்தினால் எங்கே போகும்? கிரீனிச் தீர்க்கரேகையில் இருந்து தொடங்கினால் 25.8 டிகிரி தெற்கு, 51.8 டிகிரி கிழக்கு, அதாவது மடகாஸ்கரின் தென்முனைக்குக் கிழக்கே நடுக்கடல். இந்த 25.8-தான் கோலுக்கும் சுவருக்கும் நடுவே வர வேண்டிய கோணம். கோல் இப்போது சுவரின் நடுச்செங்குத்துக் கோட்டுக்கு நேர் மேலே நிற்காது, பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், மணிக்கோடுகளும் ஒருபக்கம் நெருங்கி ஒருபக்கம் விரிந்து கிடக்கும். ஆனால் 12 மணிக் கோடு மட்டும் எந்தப் பக்கம் பார்க்கும் சுவரிலும் செங்குத்தாகவே இருக்கும், தூக்குக்குண்டு தொங்கவிட்டு வரைந்துவிடலாம். நண்பகலில் சூரியன் இருக்கும் உச்சித் தளமும் செங்குத்து, சுவரும் செங்குத்து, இரண்டு செங்குத்துத் தளங்கள் வெட்டிக்கொண்டால் செங்குத்துக் கோடுதானே வரும். கடிகாரத்தின் படத்தில் 12 மணிக் கோடு சாய்ந்திருந்தால், அதை வரைந்தவர் சுவர் சாய்ந்ததென்று சொல்ல வேண்டும், அல்லது நேர வலயத்தின் மணியோடு ஒத்துப்போகச் செய்யும் தீர்க்கரேகைத் திருத்தத்தை அந்தக் கோட்டில் சேர்த்திருக்க வேண்டும்.

விலகல் கூடக் கூடக் கோல் சுவரோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும். 52 டிகிரியில் சுவர் தெற்கிலிருந்து 75 டிகிரி விலகினால் கோலுக்கும் சுவருக்கும் நடுவே 9 டிகிரிதான், கோலின் அடி பலகையை விட்டே எங்கோ வெளியே போய்விடும். அப்படிப்பட்ட சுவரில் வரைவது பெரிய தலைவலி. பலர் செய்வது என்னவென்றால், பலகைக்குப் பின்னால் ஒரு ஆப்பு வடிவக் கட்டையை வைத்து, பலகையை மட்டும் நேர்தெற்கோ நேர்கிழக்கோ பார்க்கும்படி திருப்பிவிடுவார்கள். வரைவது சுலபமாகும், ஆனால் வெயில் கூடாது. பலகை தெற்கைப் பார்த்தாலும் பின்னால் இருக்கும் சுவர் மறைக்கும் வானம் மறைந்ததுதான்.

கடைசியாக, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டுச் சுவரின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் நேர வலயத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு டிகிரி தீர்க்கரேகைக்கும் 4 நிமிடம் வித்தியாசம் வரும். அதுபோக, பூமியின் பாதை சரியான வட்டம் இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் சூரியக் கடிகாரம் நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடத்துக்கு மேல் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25-ஐ ஒட்டி இந்த இரண்டாவது வித்தியாசம் பூஜ்ஜியமாகும், சரிபார்க்க அந்த நாட்கள்தான் வசதி.

சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத் திசைகாட்டியை நம்ப வேண்டாம். காந்த வடக்கு வேறு, உண்மை வடக்கு வேறு, போதாக்குறைக்குக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஊசியை இழுத்துவிடும். ஒரு சதுரப் பலகையை ரசமட்டம் பார்த்துப் படுக்கையாகச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, மேலே தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, சூரிய நண்பகலில் அந்த நூலின் நிழல் பலகையில் விழும் கோட்டைக் குறித்தால் போதும். அது வடக்கு தெற்குக் கோடு, அதற்கும் சுவருக்குச் செங்குத்தான கோட்டுக்கும் நடுவே இருக்கும் கோணம்தான் சுவரின் விலகல். பலகையும் நூலும் இல்லையென்றால் சுவரின் உதயத்தையோ அஸ்தமனத்தையோ காத்திருந்து பாருங்கள். வெயில் சுவரை விட்டு விலகும் நிமிடத்தில் சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்று பஞ்சாங்க மென்பொருள் எதிலும் பார்க்கலாம், சுவர் ஓடும் திசை அதுவேதான். என்ன, ஒளி உரசிப் போகும் அந்த நேரத்தில் பூச்சில் இருக்கும் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தனித்தனியாக நிழல் போட்டு, சுவர் முகப்பரு வந்ததுபோல ஆகிவிடும், எது கடைசி வெயில் என்றே தெரியாது. ஒரு நேரான ரீப்பரைச் சுவரோடு அழுத்திப் பிடித்து அதன் முகத்தைப் பார்த்தால் அந்தக் குழப்பம் இருக்காது.